ஒரு மணி நேரத்தில் வராத மீன்கள்

உங்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று ஒருவர் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், சரி என்று தலையாட்டுவீர்களா? எங்கள் ஊரில் ஒரு குளத்துக்கு அதுதான் நடந்தது. அந்தக் குளத்தில் மொத்தம் பதினோரு மீன்கள் என்று நகராட்சியின் அறிக்கை சொன்னது. பதினோரு மீனுக்கு எதற்குக் குளம், மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்றும் சொன்னது. கரையில் எட்டு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. உயிருள்ள நீர்நிலையின் கரை என்பதால்தான் அவற்றை இத்தனை காலம் யாரும் அசைக்க முடியவில்லை. குளம் செத்துவிட்டது என்று ஆகிவிட்டால் கரை வெறும் மனைதான். வீடுகளும் போகும்.

அந்த எட்டில் ஒன்று தொட்டியம்மாவுடையது.

அது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. நன்னீர் மீன் ஆய்வு நிலையத்தில் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். முதலில் வேலையிடத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள், பிறகு தெருவில், கடைசியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர் கணவரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதிகம் பேசாதவர். பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார், தையல்காரி, வாய் ஓயாதவர், எல்லாரிடமும் சொல்வது இதுதான்: "எங்க அண்ணி ஒரு வார்த்தை பேசணும்னா நாலு நாள் முன்னாடியே மனு போடணும். அதுவும் போன வருஷ மனுவுக்கு இந்த வருஷம்தான் பதில் வரும்."

ஆய்வு நிலையத்தின் பின்பக்கக் கூடத்தில் அறுபத்து நான்கு தொட்டிகள். மேலே பச்சைத் தகட்டுக் கூரை. வெயில் அதன் வழியாக இறங்கும்போது பாதி வெயிலாகவும் பாதி தண்ணீராகவும் ஆகிவிடும். சுவரெல்லாம் நீரின் நெளிவு ஓடிக்கொண்டிருக்கும். காற்றுக் குழாய்கள் நாள் முழுவதும் ஒரே சுருதியில் முனகும். கொஞ்ச நேரம் நின்றால் அந்தச் சத்தம் காதை விட்டு விலகி உங்கள் மூச்சோடு கலந்துவிடும். உள்ளே வருகிறவர்கள், யாரும் சொல்லாமலே, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

தொட்டியம்மாவின் வேலை காலை ஏழரைக்குத் தொடங்கும். ரப்பர் குழாயால் அடி அழுக்கை இழுப்பார். கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய பிளேடால் சுரண்டுவார். முழங்கை வரை நீரில் விட்டு அவர் கையை ஓட்டும்போது மீன்கள் ஒதுங்கி வழிவிடும். பத்து மணிக்கு மேல் அவருக்கு வேறு வேலை. அதை அவருடைய வேலை என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதியது கிடையாது.

நிலையத்தில் இரண்டு இடத்து மீன்களை வளர்க்கிறார்கள். ஒன்று ஊருக்கு வெளியே ஓடும் ஆற்றிலிருந்து பிடித்தது. இன்னொன்று, நான் சொன்ன அதே குளத்திலிருந்து பிடித்தது. ஒரே சாதி மீன்தான். விரல் நீளம், வெள்ளி உடம்பு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது ஆற்று மீன், எது குளத்து மீன் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சோதனைக்கு ஒவ்வொரு மீனையும் தனித் தொட்டியில் விடுவார்கள். பதுங்கிக்கொள்ள, பக்கவாட்டில் படுத்த ஒரு மண்குடுவை இருக்கும். மீன் உள்ளே போனதும் நீரின் மேல் சிவப்பு நிறப் பாட்டில் மூடி ஒன்றை மெதுவாக மிதக்கவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். முன்பின் பார்த்திராத அந்தப் பொருளைத் தாண்டி மீன் முழு உடம்போடு வெளியே வந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். எத்தனை நேரம் ஆனது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் சோதனை. படித்தவர்கள் முதல் வாரம் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு கடிகாரம் தொட்டியம்மாவின் கைக்கு வந்தது. ஆறு வருடமாக அங்கேயே இருக்கிறது.

ஆற்று மீன்கள் பெரும்பாலும் அரை நிமிடத்தில் வந்துவிடும். குளத்து மீன்களுக்கு அரை மணி, ஒரு மணி, சில சமயம் இரண்டு மணியும் ஆகும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆற்றில் இரை மிதந்து போய்க்கொண்டே இருக்கும். யோசித்து நின்றால் அது அடுத்த வளைவுக்குப் போய்விடும். எங்கள் குளத்திலோ கொடிகளுக்கு நடுவே பெரிய மீன்கள் மரக்கட்டை மாதிரி அசையாமல் நிற்கும். மேலே நாரை ஒற்றைக் காலில் நிற்கும். அங்கே அவசரப்பட்ட மீன்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. பொறுத்து நின்றவற்றின் வம்சம்தான் இப்போது இருக்கிறது.

ஆனால் குளத்து மீன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டியம்மா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். 'தலைவர்' குளத்துக்காரர்தான், ஆனால் பதினோராவது நொடியில் ஏதோ திறப்பு விழாவுக்கு வந்தவர் போல வெளியே வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். 'மாமியார்' மூக்கை மட்டும் நீட்டுவார், பார்ப்பார், உள்ளே போவார், மறுபடி நீட்டுவார். 'சந்தேகம்' என்று ஒன்று. அதன் சராசரி இரண்டு மணி ஏழு நிமிடம். ஆற்று மீன்களிலும் 'மௌனி' என்று ஒன்று உண்டு, ஒரு மணிக்குக் குறைந்து வெளியே வந்ததே இல்லை. தொட்டியை மாற்றினாலும் குடுவையை மாற்றினாலும் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தாலும் தலைவர் தலைவர்தான், சந்தேகம் சந்தேகம்தான். ஆளாளுக்கு ஒரு குணம் இருப்பது மனிதனுக்கு மட்டும் யாரோ எழுதிக் கொடுத்த பட்டா என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரண்டு மணி நேரங்களில் தொட்டியம்மா என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. முக்காலியில் உட்கார்ந்து குடுவையின் இருட்டான வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் அவர் கையில் இருந்தது. நேரம் தொட்டிக்குள் இருந்தது. சில நாட்களில், தானே அந்தக் குடுவைக்குள் இருந்து வெளியே பார்ப்பது போலவும், பச்சை வெளிச்சத்தில் மிகப் பெரிய ஒரு முகம் முக்காலியில் உட்கார்ந்து தனக்காகக் காத்திருப்பது போலவும் இருக்கும் என்று ஒருமுறை சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துப் பயம் வராது, அது பொறுமையாக இருப்பது தெரியும் என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

இப்போது அந்தக் கணக்கெடுப்புக்கு வருவோம். நகராட்சி ஆய்வு நிலையத்தைக் கேட்டது, நிலையம் ஆட்களை அனுப்பியது. வாய் குறுகிய வலைக்கூடுகளுக்குள் இரை வைத்து நீரில் இறக்க வேண்டும். உள்ளே போன மீன் வெளியே வராது. எடுத்து எண்ண வேண்டும். ஆற்றில் பத்துக் கூடு, குளத்தில் பத்துக் கூடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஆற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்கள். குளத்தில் பதினொன்று. நிலையத்தின் தலைமை ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் அல்ல. லஞ்சம் வாங்கியவரும் அல்ல. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஒரு தவறு நடந்தால் உடனே கெட்டவனைத் தேடுவார்கள். தவறு எங்கே என்று தேட மாட்டார்கள்.

அறிவிப்பை எட்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டினார்கள். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். ஒட்டிய பசை காய்வதற்குள் நாத்தனார் அதைக் கிழித்து எடுத்து, அண்ணியின் வீட்டுக்குள் வந்து முழுவதையும் சத்தமாகப் படித்தார்.

"பதினோரு மீனாம் அண்ணி. என் மாமனார் வீட்டுச் சண்டையில கூட அதைவிட ஜாஸ்தி பேர் இருப்பாங்க. என்ன எண்ணினாங்களோ. சரி விடு, நம்ம தலையெழுத்து."

தொட்டியம்மா கையை நீட்டித் தாளை வாங்கினார். தலையெழுத்தை யார் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களையும் நான் பார்த்ததில்லை. பதினோரு மீன் என்று எழுதியவர்கள் மனிதர்கள், தேதி போட்டு எழுதியிருந்தார்கள். பின்னிணைப்பில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கூடு இறக்கிய நேரம்: 11.00. கூடு எடுத்த நேரம்: 12.00.

"ஏன் ஒரு மணி?" என்றார் தொட்டியம்மா.

"யாருக்குத் தெரியும்? பசி எடுத்திருக்கும்."

நாத்தனார் விளையாட்டாகச் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். மறுநாள் காலை தொட்டியம்மா நிலையத்து வண்டி ஓட்டுநரைக் கேட்டார். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டரைக்கு வண்டி வேற ஆபீசுக்குப் போகணும்மா. ஒரு வண்டி, மூணு ஆபீஸ். நான் என்ன, வண்டியை ரெண்டா பிளக்கவா? அதான் பன்னெண்டுக்கெல்லாம் எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்."

ஒரு குளத்தின் உயிர் வண்டியின் நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

தொட்டியம்மா பத்தொன்பது வருடத்தில் தலைமை ஆய்வாளரிடம், தண்ணீர் மாற்றியாகிவிட்டது, இரை தீர்ந்துவிட்டது என்பதைத் தாண்டி ஒன்றும் பேசியதில்லை. அன்று அவர் அறைக்குப் போனார். அறையில் கணினி, காகிதக் குவியல், ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் பூட்ஸ்.

"மேடம், ஒரு மணி பத்தாது."

"எதுக்கு?"

"குளத்து மீனுக்கு. கூட்டுக்குள்ள வர."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆத்துலயும் ஒரு மணி, குளத்துலயும் ஒரு மணி. ரெண்டுக்கும் ஒரே கூடு, ஒரே இரை, ஒரே நேரம். இதைவிடச் சமமா எப்படிம்மா எண்றது?"

நான் அங்கே இருந்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன். வராதவனுக்காகக் காத்திருக்காமல் கதவைச் சாத்திவிட்டு, எல்லாருக்கும் ஒரே அளவுதான் திறந்து வைத்தோம் என்று சொல்வதை எத்தனை இடங்களில் கேட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டோம். மருத்துவமனை வரிசையில் கேட்டோம். வேலைக்கு ஆள் எடுக்கும் அறையில் இரண்டு நிமிடத்துக்குள் வாய் திறக்காதவர்களுக்கு முன்னால் கேட்டோம். சமம் என்ற சொல்லை வைத்துச் செய்த அநியாயங்களை எழுத ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகையில் பக்கம் போதாது.

ஆய்வாளர் கணினிப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது தொட்டியம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் நிக்கிறீங்களா?"

"நீளத் தொட்டி காலியா இருக்கு மேடம். குளத்து மீன் நாப்பதை அதுல விடலாம். நாப்பதுதான்னு நமக்குத் தெரியும். ஒரு நாள் பழகட்டும். அப்புறம் கூட்டை இறக்கி, ஒரு மணியில எத்தனைன்னு நீங்களே எண்ணுங்க."

ஆய்வாளர் கணினியை விட்டு முழுதாகத் திரும்பினார். "இதை நீங்க எப்ப யோசிச்சீங்க?"

"இப்ப நிக்கும்போது."

நீளத் தொட்டி கூடத்தின் கடைசியில், மூன்று ஆள் படுக்கும் நீளத்துக்கு இருக்கிறது. தொட்டியம்மா குளத்திலிருந்தே கொடிகளைக் கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டார். அடியில் கல் அடுக்கினார். நாற்பது மீன்களை ஒவ்வொன்றாகச் சின்னக் குவளையில் எடுத்து விட்டார். விட்ட மாத்திரத்தில் ஒவ்வொன்றும் கொடிக்குள் கரைந்துபோனது. மாலையில் பார்த்தால் தொட்டியில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யலாம் போல இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூடு இறங்கியது. ஆய்வாளர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஓட்டுநரும் வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஒரு மணியில முப்பது வந்துரும்மா, பாருங்க. தீனியைப் பாத்தா எவன் விடுவான்."

"நீங்க விட மாட்டீங்க," என்றார் ஆய்வாளர்.

ஒன்பது மணிக்குக் கூட்டில் இரண்டு. ஒன்று, சொல்ல வேண்டியதில்லை, தலைவர். கூட்டுக்குள் இருந்தபடியே வருகிறவர்களை வரவேற்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதுல ரெண்டு," என்று ஆய்வாளர் மெல்லச் சொன்னார். குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்தார். ஓட்டுநர் வெளியே போய் மூன்று டீ வாங்கி வந்தார்.

அதன் பிறகு நடந்ததை நடந்தது என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக நடந்தது. பச்சை வெளிச்சம் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது. கொடியின் நிழல் ஒன்று தடித்தது, தடித்த இடத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு பிரிந்தது, பிரிந்த கோட்டுக்கு ஒரு கண் முளைத்தது. அது கூட்டின் வாய் வரை வந்து நின்று, எதையோ நினைத்துக்கொண்டது போலத் திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது. மாமியார் ஏழு முறை மூக்கை நீட்டி எட்டாவது முறை உள்ளே போனார். பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரின் மூச்சும் காற்றுக் குழாயின் முனகலும் ஒன்றாகிவிட்டன. டீ ஆறிப்போனது. பக்கத்து அறையில் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது, அது வேறு யாருடைய வாழ்க்கையிலோ அடிப்பது போல இருந்தது. இல்லாத இடத்திலிருந்து மீன்கள் வந்துகொண்டே இருந்தன. தண்ணீர் தன் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது போல என்று ஆய்வாளர் பிறகு சொன்னார். சொல்லிவிட்டு, இதை எழுதாதீர்கள், சக ஆய்வாளர்கள் சிரிப்பார்கள் என்றார். எழுதிவிட்டேன், மன்னிக்கட்டும்.

பத்து மணிக்கு ஒன்பது. பதினொன்றுக்குப் பத்தொன்பது. பன்னிரண்டுக்கு முப்பத்தொன்று. சந்தேகம் மட்டும் மாலை வரை வரவே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆற்று மீன் நாற்பதை அதே தொட்டியில் விட்டு அதே மாதிரி செய்தார்கள். ஒரு மணியில் முப்பத்தாறு. நான்கு மணியில் முப்பத்தெட்டு. அதாவது, அந்த ஒரு மணி நேரம் ஆற்றைக் கிட்டத்தட்ட முழுதாக எண்ணியிருக்கிறது. குளத்தை எண்ணவே இல்லை. குளத்தில் இருந்த தலைவர்களை மட்டும் எண்ணிவிட்டு, அவ்வளவுதான் ஊர் என்று எழுதிவிட்டது.

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "என் கையெழுத்துதானே அது," என்றார்.

"ஆமா மேடம்," என்றார் தொட்டியம்மா. சமாதானம் சொல்லத் தெரியாத ஆள்.

"நீங்க ஆறு வருஷமா எழுதிக் கொடுத்த நேரமெல்லாம் என் அலமாரியிலதான் இருக்கு. என் பேர்ல கட்டுரையாக்கூட வந்திருக்கு. கூடு இறக்கும்போது அது எனக்கு ஞாபகம் வரலை பாருங்க."

அன்று மாலையே தன் கணக்கு தவறு என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். அதில் தொட்டியம்மாவின் முழுப் பெயரையும், கண்டுபிடித்தவர் இவர் என்றும் எழுதினார். படித்தவர் ஒருவர் தன் தவறைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டதை என் வாழ்நாளில் நான் பார்த்தது இரண்டு முறைதான். இது இரண்டாவது.

நகராட்சியின் பதில் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. மறுபடி எண்ணலாம். பத்துக் கூடு, மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும், இறக்கியதிலிருந்து எடுக்கும் வரை, ஒரு சாட்சி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சாட்சி கரை வீட்டுக்காரராகவும் இருக்கக் கூடாது, ஆய்வு நிலையத்துக்காரராகவும் இருக்கக் கூடாது. சாட்சி இல்லாத கூட்டின் மீன்கள் கணக்கில் சேராது. கணக்கு நூறைத் தாண்டாவிட்டால் பழைய அறிக்கையே நிற்கும்.

ஒரு மணி நேரக் கணக்குக்கு ஒரு சாட்சியும் கேட்காத அலுவலகம், நான்கு மணி நேரக் கணக்குக்கு முப்பது சாட்சி கேட்கிறது. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நாட்கள் குறைவு.

நாத்தனார் தையல் இயந்திரத்தை மூடி வைத்துவிட்டு வீடு வீடாகப் போகிறார். நானும் ஒருநாள் கூடப் போனேன். ஒரு வீட்டில் கேட்டார்கள்: "வந்தா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அக்கா. நாலு மணி நேரம் கரையில உக்காரணும். பேசக் கூடாது, தண்ணியில கல்லு போடக் கூடாது. கடைசியில எண்ணும்போது பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்."

"பேசாம நாலு மணி நேரமா?"

"எனக்கும் அதான் கஷ்டமா இருக்கு. எங்க அண்ணி மாதிரி இன்னும் முப்பது பேரைச் செஞ்சு வாங்கணும். எங்க செய்றாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க."

அந்த வீட்டு அம்மா சிரித்துவிட்டுப் பெயர் கொடுத்தார். இதோடு பதினேழு பெயர்கள். இன்னும் பதின்மூன்று வேண்டும். சாட்சிகள் கரையில் உட்காரும் பத்து இடங்களையும் தொட்டியம்மா தானே சுத்தம் செய்து, நிழல் எங்கே எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்து வைத்திருக்கிறார். பலகை போட்டிருக்கிறார். காலை வேளையில் அந்தக் குளத்தைப் பார்த்தால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. பச்சைத் தண்ணீர், கொடி, எப்போதாவது ஒரு வளையம். அவ்வளவுதான். அதற்காக எழுந்து போய்விடக் கூடாது.

இந்த மாதம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. மூன்று நாளும் வர வேண்டியதில்லை, ஒரு நாள் போதும். தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள், அடர் நிறத்தில் உடுத்துங்கள், தொலைபேசியை அணைத்து வையுங்கள். குளத்தங்கரைத் தெருவில் நுழைந்ததும் இடது பக்கம் சைக்கிள் கடை. அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் போய் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.